மும்பை மில் நிலம்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பரேல் பக்கம் குடியிருப்பதால் எனக்கு இந்தத் தொல்லை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும், லோயர் பரேல் ஆபீஸ்களுக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளும் மூடிய பஞ்சாலைகளின் நிலம் என்ன ஆனது என்று கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் எழுதி அலுத்துப்போய் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. எனக்கு ஒரு பக்கச் சாய்வும் உண்டு, படிக்கும்போதே தெரிந்துவிடும்.

லோயர் பரேல்ல கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவுல செங்கல் புகைபோக்கி நிக்குதே, அது என்ன?

பஞ்சாலையின் புகைபோக்கி. ஃபீனிக்ஸ் மாலுக்குள் நிற்பதைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்த மாலே ஒரு காலத்தில் ஃபீனிக்ஸ் மில்தான். காவஸ்ஜி தாவர் 1854-ல் தார்தேவில் மும்பையின் முதல் பஞ்சாலைக் கம்பெனியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பைகுலா, சிஞ்ச்போக்லி, லால்பாக், பரேல், வொர்லி, சிவ்ரி என்று வரிசையாக மில்கள் எழுந்தன. இந்தப் பகுதி முழுவதையும் இங்குள்ளவர்கள் கிரண்காவ் என்பார்கள், மில் ஊர்.

மில்கள் மூடிய பிறகு நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை நடந்தது 58 மில்களின் நிலத்துக்காக. எல்லாம் சேர்த்தால் சுமார் 600 ஏக்கர். அதுவும் தீவு நகரத்தின் நடு வயிற்றில், இரண்டு ரயில் பாதைகளை ஒட்டி.

மில்லை எல்லாம் ஸ்ட்ரைக்தானே மூடிச்சு?

பாதி உண்மை. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரி 18 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கூலி, போனஸ், பதிலி ஆட்களின் (நிரந்தரமில்லாமல் மாற்றாக வேலைக்கு வருபவர்களின்) நிலை ஆகியவற்றோடு இன்னொரு பெரிய கோரிக்கையும் இருந்தது. 1946-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேச்சுவார்த்தை உரிமை. அந்தச் சங்கத்தைத் தொழிலாளர்கள் நம்பவில்லை, அதை மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக இன்று வரை முறையாக யாரும் அறிவிக்கவில்லை. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனார்கள்.

ஆனால் அதற்கு முன்பே மில்கள் நலிந்துகொண்டுதான் இருந்தன. பழைய இயந்திரங்களுக்குப் பணம் போடவில்லை. துணி நெய்வது மும்பைக்கு வெளியே இருக்கும் பிவண்டியின் விசைத்தறிகளுக்கு நகர்ந்துவிட்டது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. வேலைநிறுத்தம் ஒரு வசதியான காரணமாக அமைந்தது என்பது என் கருத்து.

நிலம் மில்காரருக்குச் சொந்தம். அவர் வித்தா மத்தவங்களுக்கு என்ன வந்தது?

நியாயமாகத் தோன்றும் கேள்வி. அடிக்கடி வருவதும் இதுதான். முதலில், எல்லா நிலமும் முழுச் சொந்தம் இல்லை. ஆலை நடத்துவதற்காகக் குத்தகைக்குக் கொடுத்த நிலமும் அதில் உண்டு. ஆனால் முக்கியமான விஷயம் அதுவல்ல.

நகரத் திட்டத்தில் அந்த நிலம் தொழில் மண்டலம். அங்கே துணி ஆலை நடத்தலாம், அடுக்குமாடியோ ஷாப்பிங் மாலோ கட்ட முடியாது. அந்தத் தடை இருக்கும்வரை அதற்கு ஆலை நிலத்தின் விலைதான். அரசு பயன்பாட்டை மாற்றிக் கையெழுத்துப் போட்ட நாளில் அதே மண் பல மடங்கு ஏறுகிறது. உரிமையாளர் ஒரு செங்கலைக்கூட எடுத்து வைக்கவில்லை, மதிப்பை உண்டாக்கியது அரசாணை. அப்படியானால் அந்த லாபத்தில் நகரத்துக்கும், அங்கே உழைத்தவர்களுக்கும் எவ்வளவு பங்கு? இவ்வளவு வருஷச் சண்டையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். மில் வேண்டுமா, மால் வேண்டுமா என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வைத்த பெயர்.

மூணுல ஒரு பங்குன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

1991-ல் மும்பைக்கு வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-வது விதி மில் நிலத்துக்கானது. மில்லை இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்ட வேண்டுமானால் நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக. ஒரு பங்கு மாநில வீட்டு வசதி வாரியமான ம்ஹாடாவுக்கு, குறைந்த விலை வீடுகளுக்காக. மீதி உரிமையாளருக்கு.

சரியாக மூன்றில் ஒன்று என்பது பேச்சு வழக்குதான். 5 ஹெக்டேர் வரை உள்ள மில்லுக்கு மாநகராட்சிக்கு 33 சதவீதம், ம்ஹாடாவுக்கு 27, உரிமையாளருக்கு 40. 5 முதல் 10 ஹெக்டேர் வரை 33, 34, 33. அதற்கு மேல் போனால் 33, 37, 30. பெரிய மில்காரர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். மொத்தமாகப் பார்த்தால் 600 ஏக்கரில் ஏறக்குறைய 400 ஏக்கர் பொதுவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவ்வளவு நல்ல விதி இருந்துச்சுன்னா பார்க் எங்கே?

விதி இருந்தது, அதன் கீழ் யாரும் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கைக் கொடுப்பதைவிடக் காத்திருப்பது மேல் என்று பெரும்பாலான உரிமையாளர்கள் நினைத்தார்கள். மில் பூட்டியபடியே கிடந்தது, தொழிலாளிக்கு நிலுவையும் வரவில்லை.

விதியிலேயே ஒரு பக்கவாசலும் இருந்தது. பழைய கட்டடத்தை இடிக்காமல், உள்ளே மட்டும் பயன்பாட்டை மாற்றினால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. நெசவு ஷெட்டுக்குள் ஆபீஸும் சாப்பாட்டுக் கடையும் பப்பும் முளைத்தது இப்படித்தான். மேலே ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும் அந்தக் கூரையின் கீழ் காபி குடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

1996-ல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் மாநில அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. மில்லுக்கு மில் துண்டு துண்டாகப் பார்க்காமல், நிலங்களைச் சேர்த்து ஒரே திட்டமாகப் போட்டால் சாலை, பூங்கா, வீடு எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும் என்பது அந்தக் குழுவின் யோசனை. அது நடைமுறைக்கு வரவில்லை. எனக்குக் கேட்டால், மொத்தக் கதையிலும் உண்மையாகக் கைநழுவிய வாய்ப்பு இதுதான்.

2001-ல விதியை மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்படி என்னதான் மாத்தினாங்க?

சதவீதங்களைத் தொடவில்லை. அதனால்தான் பலருக்கு விஷயமே தெரியவில்லை. பங்கு எதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை மாற்றினார்கள். முன்பு மொத்த நிலமும் கணக்கு. திருத்தத்துக்குப் பிறகு, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் நிலமும், பயன்படுத்தாமல் மிச்சமிருக்கும் எஃப்எஸ்ஐயும் (நிலத்தின் அளவுக்கு எவ்வளவு தளப் பரப்பு கட்டலாம் என்ற வரம்பு) மட்டும்தான் கணக்கு. பழைய கட்டடங்களின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவையும் உரிமையாளர் இடித்துவிட்டு உயரமாகக் கட்டிக்கொள்ளலாம், அதில் யாருக்கும் பங்கில்லை.

ஒரு உதாரணம் போட்டால் புரியும். 10 ஏக்கர் மில், 8 ஏக்கரில் ஷெட்டுகள், 2 ஏக்கர் காலி, அனுமதித்த எஃப்எஸ்ஐ எல்லாம் ஷெட்டுகளிலேயே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஏக்கர் என்பது 5 ஹெக்டேருக்குள், ஆகவே பொதுப் பங்கு 60 சதவீதம். பழைய விதிப்படி 6 ஏக்கர் பொதுவுக்கு வரும். புதிய விதிப்படி 2 ஏக்கரில் 60 சதவீதம், அதாவது 1.2 ஏக்கர். மில் என்றாலே இண்டு இடுக்கு விடாமல் ஷெட் போட்ட இடம். காலி நிலம் எங்கே இருக்கும்?

அரசு சொன்ன காரணம், பழைய விதிப்படி யாரும் முன்வரவில்லை, ஊக்கம் கொடுத்தால்தான் நிலம் திறக்கும், தொழிலாளியின் நிலுவையும் தீரும் என்பது. முன்வரவில்லை என்பது மேலே நான் சொன்னதுபோல உண்மை. ஆனால் அதற்கு மருந்து பொதுப் பங்கில் பெரும் பகுதியை விட்டுக்கொடுப்பதா? காலக்கெடு வைத்திருக்கலாம், வரி போட்டிருக்கலாம். அதெல்லாம் செய்யவில்லை.

இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்களே, ஜெயிச்சாங்களா?

ஒரு படியில் ஜெயித்தார்கள், அடுத்த படியில் தோற்றார்கள். பாம்பே என்விரான்மெண்டல் ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு 2005-ல் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. அந்த வருஷம் அக்டோபரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஷெட்டை இடித்த பிறகு காலியாகும் நிலமும் காலி நிலம்தான், அதிலும் பங்கு உண்டு என்றது உயர்நீதிமன்றம்.

மில்காரர்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 மார்ச்சில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. இடிப்பதற்கு முன் காலியாக இருந்த நிலம் மட்டுமே கணக்கில் வரும், 2001 திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி கதை அன்றைக்கே முடிந்துவிட்டது. இன்று லோயர் பரேலில் நீங்கள் பார்க்கும் கோபுரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

தனியார் வித்தது சரி. அரசாங்க மில்லை எப்படி ஏலம் விட்டாங்க?

58 மில்களில் 25 மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்தின் கையில் இருந்தன. 2005-ல் ஜூபிடர், எல்ஃபின்ஸ்டன், அப்போலோ, மும்பை டெக்ஸ்டைல், கோஹினூர் எண் 3 ஆகிய ஐந்து மில்களை அது விற்றது. மொத்தம் 2,020 கோடி ரூபாய். அதில் மும்பை டெக்ஸ்டைல் மில் மட்டும் பதினேழரை ஏக்கருக்கு 702 கோடி. கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப் வாங்கியது. ஏக்கருக்கு 40 கோடி என்றதும் அன்று நகரமே வாயைப் பிளந்தது. அதே நிலத்தை அவர்கள் 2012-ல் லோதா குழுமத்துக்கு 2,700 கோடிக்கு மேல் விற்றார்கள்.

மக்களுக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் இந்த எண்கள்தான். தனியார் முதலாளி லாபம் பார்ப்பது புதிதல்ல. பொது நிறுவனத்தின் நிலத்திலாவது பூங்காவும் வீடும் வந்திருக்கலாமே என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பணம் எல்லாம் எங்கே போச்சு?

நிலம் விற்ற பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், தொழிலாளர் நிலுவைக்கும் ஆலைச் சீரமைப்புக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. விருப்ப ஓய்வுத் தொகையாகத் தொழிலாளர்களுக்கு ஒரு பகுதி வந்தது. ஜவுளிக் கழகம் நிலம் விற்ற பணத்தில் நாடு முழுக்கத் தன்னிடம் மீதமிருந்த மில்களுக்குப் புது இயந்திரம் போட்டது. தமிழ்நாட்டில் உள்ள ஏழு மில்களும் அந்தக் கழகத்தைச் சேர்ந்தவைதான். 2020 மார்ச் ஊரடங்கில் அந்த மில்களும் நின்றுபோயின.

தொழிலாளிக்கு வீடு கொடுக்கிறாங்கன்னு பேப்பர்ல வருதே, உண்மையா கிடைச்சுதா?

சிலருக்குக் கிடைத்தது. ஆனால் அதுவும் தானாக வரவில்லை. தத்தா இஸ்வல்கர் போன்றவர்கள் மூடிய மில் தொழிலாளர்களைத் திரட்டி 1980-களின் கடைசியிலிருந்து போராடி வாங்கியது. ம்ஹாடா பங்கில் கட்டும் வீடுகளில் மில் தொழிலாளிக்கு இடம் என்று முடிவானது. முதல் குலுக்கல் 2012-ல், 6,925 வீடுகள், ஒன்று ஏழரை லட்சம் ரூபாய். 2020-ல் பாம்பே டையிங், ஸ்பிரிங், ஸ்ரீநிவாஸ் மில் நிலங்களில் கட்டிய 3,894 வீடுகளுக்குக் குலுக்கல், விலை ஒன்பதரை லட்சம். ஒவ்வொன்றும் 225 சதுர அடி. பக்கத்து கோபுரத்தில் ஒரு குளியலறையே அந்த அளவு இருக்கும்.

விண்ணப்பித்தவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 2001 திருத்தத்தால் ம்ஹாடாவுக்கு வந்த நிலம் சுருங்கியதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புரிந்துகொள்ளலாம்.

எங்க மாமனார் மில்லுல வேலை பார்த்தவர். அவர் இல்லை. நாங்க கேக்க முடியுமா?

1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பட்டியலில் உள்ள ஒரு மில்லில் வேலையில் இருந்தவர் என்றால் அவருக்கு உரிமை உண்டு, அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. விண்ணப்பம் முன்பே போட்டிருந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். முதலில் வீட்டில் தேடுங்கள். மில் அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை, விண்ணப்ப ரசீது, இவற்றில் ஏதாவது ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். வாரிசுச் சான்றிதழ் தனியாக வேண்டும்.

"நான் வாங்கித் தருகிறேன், இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். குலுக்கலில் இடைத்தரகருக்கு வேலையே இல்லை.

இப்போ வாங்கணி, ஷேலு பக்கம் வீடு தர்றாங்களாமே. வாங்கிக்கிட்டா என்ன? ஏன் வேண்டாங்கிறாங்க?

2024-ல் மாநில அரசு அந்தப் பகுதிகளில் 81 ஆயிரம் வீடுகள் கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. காத்திருப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய எண்தான். ஆனால் இடம் பத்லாப்பூருக்கும் அப்பால், கர்ஜத் போகும் பாதையில். லால்பாகில் வாழ்ந்தவருக்கு அது வேறு ஊர். தொழிலாளர் அமைப்புகள் எதிர்ப்பது இதனால்தான். நாங்கள் உழைத்த நிலத்தின் பங்கில் வீடு கேட்டோம், எங்கோ ஒரு வீடு கேட்கவில்லை என்கிறார்கள்.

அதே சமயம் எண்பது வயதில் காத்திருக்கும் ஒரு கிழவரிடம் கொள்கை பேசவும் எனக்கு வாய் வரவில்லை. கிடைத்ததை வாங்கலாமா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனா மால், ஆபீஸ் வந்ததால லட்சம் பேருக்கு வேலை கிடைச்சுதே. நான் உட்பட. அது நல்லதுதானே?

நல்லதுதான். பூட்டிய மில்லைவிட இயங்கும் ஆபீஸ் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்கும் ஆளும் நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறோம். பயன்பாடு மாறியது தவறில்லை, மாற்றும்போது சாலையும் படிக்கட்டும் வெளியேறும் வழியும் யோசிக்காமல் விட்டதுதான் தவறு.

மில் காலத்தில் தொழிலாளி நடந்து போகும் தூரத்தில், வரிசையாக ஓரறை வீடுகள் கொண்ட சால்களில் குடியிருந்தார். ஆபீஸ் ஊழியரோ விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலில் வருகிறார். ரயில் நிலையங்களோ மில் காலத்தவை. 2017 செப்டம்பர் 29 காலையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் செத்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் பிரபாதேவி. மூன்றே மாதத்தில், டிசம்பர் 29 அதிகாலை, கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். கொரியா குழு நிலத்தைச் சேர்த்து ஒரே திட்டமாகப் போடச் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். அதை இந்த இரண்டு தேதிகளோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்து மில் மட்டும் எப்படித் தப்பிச்சுது?

அரசியலால். தாதரில், அம்பேத்கரின் உடல் தகனம் செய்யப்பட்ட சைத்யபூமிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜவுளிக் கழக நிலம் அது, சுமார் 12 ஏக்கர். அம்பேத்கர் நினைவிடத்துக்கு வேண்டும் என்று 2011 டிசம்பர் 6 அன்று ஆட்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்தார்கள். பிறகு நிலம் மாநில அரசின் கைக்கு வந்தது. 2015 அக்டோபரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எந்தக் கட்சியாலும் எதிர்க்க முடியாத கோரிக்கை, அதற்குப் பின்னால் பெரிய கூட்டம், ஆகவே நடந்தது. பூங்கா கேட்டவர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் சேரவில்லை.

நாங்க பிளாட் வாங்கினது பழைய மில் நிலத்துல. பின்னாடி சிக்கல் வருமா?

2006 தீர்ப்புக்குப் பிறகு, மில் நிலம் என்பதற்காக மட்டும் சிக்கல் வராது. பார்க்க வேண்டியவை வேறு. கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் இருக்கிறதா, நிலம் முழு உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருஷம், மாநகராட்சிக்கும் ம்ஹாடாவுக்கும் தர வேண்டிய பகுதியை பில்டர் ஒப்படைத்துவிட்டாரா. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒப்படைக்காமல் பாக்கி வைத்திருந்தால் அடுத்த கட்டத்துக்கான அனுமதிகள் இழுக்கும். வாக்குக் கொடுத்த நீச்சல்குளம் உட்பட எல்லாம் தாமதமாகும்.

எங்க ஊர் கோயம்புத்தூர்லயும் மில் நிலம் பிளாட் ஆகுதே. இந்த 58-வது விதி அங்கேயும் வருமா?

வராது. அது மும்பை மாநகருக்கு மட்டும் போட்ட விதி. தமிழ்நாட்டில் நில உபயோக மாற்றம் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொழில் மண்டலத்தைக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாற்றக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். மும்பையில் மில்லுக்கென்றே எழுதி வைத்ததைப் போல, பூங்காவுக்கு இவ்வளவு, தொழிலாளி வீட்டுக்கு இவ்வளவு என்ற பங்கீடு அங்கே இல்லை. மனைப்பிரிவுக்குப் பொதுவாக விட வேண்டிய திறந்தவெளி இடம் என்பது எல்லா நிலத்துக்கும் உள்ள விதி, மில்லுக்குத் தனி அல்ல.

ஆனால் மாற்றத்துக்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு வரும், குறிப்பிட்ட நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். சர்வே எண்ணும் பரப்பளவும் மட்டும் போட்டுச் சின்ன எழுத்தில் வரும், மில் பெயர் இருக்காது. ஆகவே உங்கள் பகுதி மில்லின் சர்வே எண்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். "மாற்றக் கூடாது" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்குத் தள்ளுபடி செய்வது சுலபம். சாலை எவ்வளவு அகலம், தண்ணீர் எங்கிருந்து வரும், பொதுவுக்கு எத்தனை சென்ட் விடுகிறார்கள், அது இடிப்பதற்கு முன் உள்ள கணக்கா, பின் உள்ள கணக்கா என்று கேட்டு எழுதுங்கள்.